மாமாவுக்குச் சாக்கிட் ஹாத்தி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், தெருவில் கட்டிய கொடிகளை அவிழ்த்துக்கொண்டிருந்த சமயம் அது. மலாக்காவில் காஜா பேராங்கில் குடியிருந்தோம். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து கப்பலேறி வந்த எனக்கு ஊரும் புதிது, மலாய் மொழியும் புதிது. இடுப்பில் கைக்குழந்தை.

சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், மாரடைப்பு வந்து வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். இனிக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மாமா எழுந்து உட்கார்ந்தாலே மார்பில் கையை வைத்துக்கொள்வார். அதைப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. "படுங்க மாமா, நாளைக்குப் பார்க்கலாம்" என்பேன். மாமியார் காலமாகிவிட்டார், கணவர் வேலைக்குப் போய்விட்டால் பொறுப்பு முழுவதும் என்னுடையது. நடக்க வைத்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன சொல்வது? படுக்க வைத்தே ஏதாவது ஆகிவிட்டால்? இப்படியே நாட்கள் போயின. அவருடைய கால்கள் குச்சியாய் இளைத்துக்கொண்டே வந்தன.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார். நம்மைப் போலவே விபூதி பூசி, விளக்கேற்றிக் கும்பிடுகிறவர். ஆனால் கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். மலாயில் அக்காவை 'காக்கா' என்கிறார்கள். அவரைக் காக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'அக்கா' என்றே கூப்பிடுவேன், அவருக்கும் அது புரிந்தது. மகள் பிரசவத்துக்காக மூவாருக்குப் போயிருந்த அவர், திரும்பி வந்ததும் வேலிப் பக்கம் நின்று, ஐயாவை ஏன் வெளியே காணோம் என்று கேட்டார்.

நான் பள்ளியிறுதி வரை படித்தவள். ஒரு தமிழ்-மலாய் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொற்களை மனப்பாடம் செய்துவந்தேன். அதில் இருதயம் என்றால் 'ஹாத்தி', நோய் என்றால் 'சாக்கிட்' என்று போட்டிருந்தது. மாமாவுக்குச் சாக்கிட் ஹாத்தி என்று தெளிவாகச் சொன்னேன். அக்காவின் முகம் வாடியது. ஏதோ கேட்டார்; அதில் 'ஆயாம்', கோழி, என்ற சொல் மட்டும் பிடிபட்டது. கோழி சாப்பிடலாமா என்று கேட்கிறாராக்கும். டாக்டர் கோழிச் சாறு கொடுக்கச் சொல்லியிருந்தாரே. "ஆமாம் ஆமாம், ஆயாம்" என்று தலையாட்டினேன்.

மறுநாள் ஒரு கோழியைக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் வாசலிலேயே நின்று, கண் கலங்க ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தம்மா ஏம்மா இப்படிக் கோழியாக் கொண்டாந்து கொட்டுது?" என்றார் மாமா.

"தெரியல மாமா. 'மாஆப்'னு சொல்லிட்டே போறாங்க."

"மாஆப்பா? அது மன்னிப்புக் கேக்கறதாச்சே. நீ என்ன சொல்லி வச்ச?"

சொன்னேன். மாமா வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சுக்கு ஆகாதே என்று நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இருதய நோய்க்கு 'சாக்கிட் ஜந்தோங்'னு சொல்லணும் தாயி. சாக்கிட் ஹாத்தின்னா மனசு நொந்து கோவமா இருக்கறது. அந்தம்மா கோழிங்க என் கீரைப் பாத்தியைக் கிளறிப்போட்டுச்சுன்னு, அது மூவாருக்குப் போறதுக்கு முன்னாடி நான் சத்தம் போட்டேன்ல, அந்தக் கோவத்துல படுத்துக் கிடக்கறேன்னு நெனச்சிருக்கு."

சிரிப்பு நின்றது. "என் சட்டையை எடு" என்றார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன் மாமா."

"நீ சொன்ன வரைக்கும் போதும். அந்தம்மாகிட்ட இன்னும் ரெண்டு கோழிதான் பாக்கி."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால்கள் நடுங்கின. என்ன செய்வதென்று தெரியாமல், குழந்தையை ஒரு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வாசலில் ஒரு முறை உட்கார்ந்தார். அவர் மூச்சு சீராகும் வரை நான் மூச்சே விடவில்லை. மறுபடி அக்கா வீட்டுக்குப் போகும் சந்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சைக்கிளில் போனவர்கள் இறங்கி விசாரித்தார்கள். "மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்றார் பெரிய மனிதர்போல.

அக்காவின் வேலிக் கம்பி பட்டு மாமாவின் முழங்கை கிழிந்து இரத்தம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இரத்தம்தானே ஓடுது? உள்ள இருக்கறது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். அக்கா வெளியே ஓடி வந்தார். காயத்தைக் கழுவி, டிங்சர் தடவி, துணி சுற்றிக் கட்டினார். பிறகு மாமா மார்பைத் தொட்டுக் காட்டி 'ஜந்தோங்' என்றார். அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் மாமாவின் நோயை நினைத்து அழுதார். அப்புறம் மலாயில் சண்டைக்கு வந்தார். மாமாதான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"முட்டையிடற ரெண்டு கோழியை அநியாயமாக் கொன்னுட்டேனேங்குது. அநியாயம் என்ன, நான்தானே தின்னேன்னு சொல்லியிருக்கேன்."

கிளம்பும்போது அக்கா விடவில்லை. நாளைக்கும் வர வேண்டும், வராவிட்டால் நிஜமாகவே கோபம் என்று எடுத்துக்கொள்வேன் என்றாராம். அதனால் மறுநாளும் போனார், அதற்கு அடுத்த நாளும் போனார். நாற்காலி ஒரு வாரத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை. தை பிறந்தபோது துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். நான்தான் குழந்தையோடு பின்தங்கினேன்.

அன்றைக்கு வழியில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், நான் தடுத்திருக்க வேண்டாமா என்று இப்போதும் சில சமயம் நினைத்துப் பயப்படுவேன். ஆனால் தன் உடம்புக்காகக் கட்டிலைவிட்டு இறங்கப் பயந்த மனிதர், அடுத்த வீட்டுக்காரி மனம் கலங்கக் கூடாது என்று நடுங்கும் கால்களோடு நடந்து போனதை நினைக்கும்போது, என் பயத்தைவிட அவர் மேல் உள்ள மரியாதைதான் பெரிதாக நிற்கிறது. நோயிலிருந்து தேறுகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் படுங்கள் என்று சொல்வதற்கு முன், யாரைப் பார்க்கப் போக ஆசை என்று கேட்கிறேன்.