அவசரத்துக்குச் சாட்சி

நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் நத்தை. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் சொந்தப் பெயரைக் கேட்டதுபோலத் திரும்பிப் பார்ப்பார். எண்பது என்று பலகை சொன்னால் அதற்குக் கொஞ்சம் கீழேதான் முள் நிற்கும். பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்திக் கை ஓய்ந்து, தாண்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவான். பயணிகளில் ஒருத்தராவது எழுந்து வந்து, "டிரைவர் சார், இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்பார். "தள்ளுங்க. எண்பதுக்கு மேல மட்டும் தள்ளிடாதீங்க" என்பார் நத்தை. வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிதானம் கூடப் பிறந்ததல்ல. அவருடைய அண்ணனும் அதே நிறுவனத்தில் டிரைவராக இருந்தவர். தம்பியை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். ஒரே வண்டியை இருவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒரு மழை நாளில் அண்ணன் ஓட்ட, தம்பி பக்கத்து இருக்கையில் இருந்தபோது, வளைவில் வண்டி வழுக்கித் தடுப்பில் இடித்துச் சாய்ந்தது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வலது கை போயிற்று.

விசாரணைக்கு முன்னால் அண்ணன் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். "மழை, ரோடு சரியில்லை, அவ்வளவுதான். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். தம்பியும் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். உள்ளே அந்தப் பெண், வெறுமையாகத் தொங்குகிற சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்ன வேகம் என்று அதிகாரி கேட்டதும் தம்பியின் வாய் அவரைக் கேட்காமலே, "நூறைத் தாண்டிட்டோம் சார்" என்று சொல்லிவிட்டது.

அண்ணனுக்கு வேலை போயிற்று, லைசென்ஸும் போயிற்று. அன்றோடு பேச்சும் போயிற்று. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தம்பி முன்வாசலில் நுழைந்தால் அண்ணன் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். நடுவில் சமாதானம் பேசப் போனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அண்ணி மட்டும் எங்கேயாவது எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா தம்பி" என்று கேட்டுவிட்டு வேகமாக நகர்ந்துவிடுவார்.

இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்தது.

பிறகு ஒரு விடுமுறை நாள். நத்தை வாசலில் தன் பழைய காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி போனை எடுத்து வந்து, "உங்க அண்ணிங்க" என்று நீட்டினாள். ஈரக் கையாலேயே வாங்கினார்.

"தம்பி, அவருக்கு ரொம்ப முடியலை. ஆஸ்பத்திரியில இருக்கோம். உங்களைத்தான் கேக்கறாரு. சீக்கிரம் வாங்க."

"என்னையா அண்ணி?"

"ஆமா தம்பி. உங்களைத்தான்."

கையில் நுரையோடு கிளம்பியவர்தான். சட்டை மாற்றவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் கால் தானாக அழுந்தியது. அந்தக் கார் அந்த வேகத்தைக் கண்டதில்லை, கதவெல்லாம் கடகடத்தது. நூற்றிருபதைத் தாண்டியதை அவரே பார்த்தார். பார்த்தும் காலை எடுக்கவில்லை. ‘என்னைக் கேட்கிறார், என்னைக் கேட்கிறார்’ என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி நின்றிருந்தார். "இப்பதான் தம்பி..." என்று கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு." உள்ளே போய் அண்ணனின் கையைத் தொட்டார். கல்லாகச் சில்லிட்டிருந்தது. குளிரூட்டிய அறை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

துக்கம்தான்; ஆனால் அந்தத் துக்கத்தின் அடியில் ஒரு நிம்மதி ஊறிக் கிடந்தது. டிப்போவில், டீக்கடையில், பயணத்தின் நடுவே உணவு விடுதிகளில், யாராவது துக்கம் விசாரித்தால் போதும், "கடைசியில என்னைத்தான் கூப்பிட்டாரு" என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்லும்போது அவருடைய முதுகு நிமிரும். அந்த மாதங்களில் அவர் நன்றாகத் தூங்கினார் என்று மனைவி சொல்வாள்.

அப்போதுதான் நெடுஞ்சாலைக் கேமரா எடுத்த படத்தோடு நோட்டீஸ் வந்தது. அவருடைய கார், அவருடைய எண் பலகை, ஓரத்தில் வேகம். டிப்போ முழுக்கச் சிரிப்பு. "நத்தைக்கு ஸ்பீடு டிக்கெட்டாம்யா! கேமராவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு!" என்று முதுகில் தட்டினார்கள். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. அத்தனை வேகத்தில் போன குற்றம் உறுதியானால் பேருந்து ஓட்டுகிறவருக்குக் கொஞ்ச காலம் லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள்.

"ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா குறைச்சுப் போடுவாங்களாம். விட்டுத் தள்ளுங்க" என்றாள் மனைவி.

"ஒத்துக்கறதுக்கு நான் என்ன ஊர் சுத்தவா போனேன்? உசுரு போற அவசரம்னா சட்டத்துலயே இடம் இருக்கு."

"இருந்தா இருக்கட்டுங்க. வீட்டு விஷயத்தைக் கொண்டுபோய் சந்தியில வைக்கணுமா?"

"சந்தியிலதான் வைக்கணும். அண்ணன் கூப்பிட்டாரு, தம்பி ஓடினேன். இதை நாலு பேரு கேக்கட்டும்."

அவருக்கு வேண்டியது லைசென்ஸ் மட்டுமல்ல என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ஒரு விசாரணை அறையில் அறுந்ததை இன்னொரு விசாரணை அறையில் வைத்து முடிச்சுப் போடப் பார்க்கிறார்.

அண்ணியிடம் சாட்சிக்குக் கேட்டபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "எனக்கெதுக்குத் தம்பி கோர்ட்டெல்லாம். ஃபைனைக் கட்டித் தொலைச்சிடுங்களேன்" என்றார்.

"போன் பண்ணினது நீங்கதானே அண்ணி. அதை மட்டும் சொன்னா போதும்."

"அதை மட்டும்தானே?"

"அதை மட்டும்தான்."

போக்குவரத்து வழக்குகளுக்கான அறை சின்னது. மின்விசிறிக்குக் கீழே உட்கார இடம் கிடைப்பதே பாடு. நத்தைக்கு முன்னால் ஒருவர், வேக வரம்புப் பலகையை மரக்கிளை மறைத்திருந்ததாகப் படம் பிடித்து வந்திருந்தார். அவருடையதைத் தள்ளுபடி செய்தார்கள். இன்னொருவர் வண்டியை ஓட்டியது தன் மச்சான் என்றார். எந்த மச்சான் என்று கேட்டதற்கு யோசித்தார். அறையே சிரித்தது. நத்தையும் சிரித்தார். தன்னுடையது அப்படிப்பட்ட கதையல்ல என்கிற தெம்பு.

அவர் முறை வந்தது. வேகத்தை மறுக்கவில்லை என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு அபராத டிக்கெட்கூட இல்லை என்றார். அண்ணன் கூப்பிட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அவருக்கும் ஒரு அண்ணன் இருந்திருக்கலாம்.

அண்ணியைக் கூப்பிட்டார்கள். உண்மையைத் தவிர வேறு சொல்வதில்லை என்று உறுதிமொழி வாங்கினார்கள். போன் செய்தது தான்தான் என்றார். நத்தை நிம்மதியாக மூச்சு விட்டார்.

அரசு வக்கீல் ஒரு சின்ன வயதுப் பெண். எழுந்து, வம்புக்கு இழுக்காத சாதாரணக் குரலில்தான் கேட்டாள். "அம்மா, நீங்க போன் பண்ணப்போ உங்க கணவர் எப்படி இருந்தாரு? பேசிக்கிட்டு இருந்தாரா?"

அண்ணி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நத்தையைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"இல்லைங்க."

"பேசலையா?" என்றாள் வக்கீல்.

"அப்போ அவரு இல்லைங்க. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் நான் போன் பண்ணினேன்."

யாரோ தும்மினார்கள். நத்தைக்குக் கல்லாகச் சில்லிட்டிருந்த அந்தக் கை ஞாபகம் வந்தது. எஞ்சினைத் தொட்டே அது நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லுகிற மனுஷன், அன்றைக்கு நம்மை நாமே எப்படி ஏமாற்றிக்கொண்டோம் என்று நினைத்தார்.

காப்பாற்ற உயிர் இல்லாதபோது, அது அவருக்குத் தெரியாதென்றாலும், அவசரம் என்பதும் இல்லை என்று நீதிபதி சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. அபராதம் உறுதியாயிற்று, லைசென்ஸ் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் அண்ணி அவருக்காகக் காத்திருந்தார்.

"சத்தியம் வாங்கிட்டாங்க தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

"சரி அண்ணி. அன்னைக்குப் போன்ல எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"செத்துட்டாருன்னு சொன்னா வருவீங்களோ மாட்டீங்களோன்னு பயம். கூடப் பிறந்தவன் இல்லாம அவரை எடுத்துட்டுப் போனா எனக்கு மனசு தாங்காது. கேக்கறாருன்னு சொன்னா வந்துடுவீங்கன்னு தெரியும்."

நத்தை மேற்கொண்டு கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டார்.

"எப்பவாவது, ஒரு தடவையாவது, என்னைப் பத்திக் கேட்டாரா?"

அண்ணி நினைத்திருந்தால் இந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அங்கே நீதிபதியும் இல்லை, சத்தியமும் இல்லை. ஆனால் உள்ளே வாங்கிய சத்தியம் அவர் நாக்கை விட்டு இன்னும் இறங்கவில்லைபோல.

"உங்க பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டி வச்சிடுவாரு தம்பி."

நத்தை தலையாட்டினார். அண்ணிக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். ஆட்டோ ஓட்டுகிறவனிடம், "பாத்துப் போப்பா" என்றார். பிறகு பஸ் நிறுத்தம் வரை நடந்து, வந்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்காராமல் கடைசி இருக்கைக்குப் போனார்.

அந்த மாதங்களை டிப்போவின் டயர் பிரிவில் கழித்தார். காற்றுப் பார்ப்பது, தேய்ந்ததைக் கழற்றிப் போடுவது. கதை எப்படியோ பரவியிருந்தது. அதனால் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நத்தை என்றுகூடக் கூப்பிடாமல் "அண்ணே" என்றார்கள்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் நெடுந்தூரம் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குள் ஓடும் வண்டிக்கு மாறிக்கொண்டார். அங்கே வேகமாகப் போக நினைத்தாலும் சிக்னல் விடாது. மேலதிகாரி காரணம் கேட்டபோது முட்டி வலி என்றார்.

மனைவி ஒரு தடவை கேட்டாள். "அன்னைக்கு உண்மையைச் சொல்லாம மழைன்னு மட்டும் சொல்லியிருந்தா?"

"அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருந்தாளே" என்றார். அப்புறம், "சொன்னது சரிதான். ஆனா சரியானதைச் சொல்லிட்டா மட்டும் எல்லாம் சரியாயிடுமா என்ன" என்றார்.

அண்ணி எப்போதாவது மனைவிக்குப் போன் செய்வார். இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையிலும் போன் வந்தது. "நல்லா இருக்காருங்க அக்கா" என்று மனைவி சொல்வது கேட்டது. "உங்களை விசாரிச்சுக்கிட்டேதான் இருப்பாரு. ஒரு நாள் கண்டிப்பா வருவாரு."

அவர் ஒரு நாளும் விசாரித்ததில்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை. காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கடைசி வரை போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.