வெட்டாமல் விட்ட மல்லி

மல்லிக்கு மார்கழியில் இரக்கம் காட்டக் கூடாது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலைகள் தொங்கிப்போய் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். பதிலுக்குப் பார்க்காமல் இருக்க வேண்டும். பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிப்போட்டு, எருவைக் கொட்டித் தண்ணீர் விட்டால் மாசியில் துளிர்த்துப் பங்குனியில் பூத்துத் தள்ளும். வெட்டாமல் செல்லம் கொடுத்தால் வருஷம் முழுக்கப் பச்சைப்பசேலென்று இருக்கும், பூ பேருக்குத்தான் வரும். இதை நான் முதல் இரண்டு வருஷம் செல்லம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற பக்கத்தில், ஒரு மனைப்பிரிவின் ஓரத்தில் இருக்கிறது. மேற்கே கம்பெனி பஸ்கள் ஓடும் சாலை. கிழக்கே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையும் அதைத் தாண்டிப் பக்கத்து வீடும். அந்த வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். அவர் அப்பா நெல் விளைவித்த நிலத்தில் மிச்சமிருப்பது அந்த வீடும் காலி மனையும்தான். இப்போது கார் சீட் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். சுவருக்கு இந்தப் பக்கம் என் மல்லி, அந்தப் பக்கம் அவருடையது. ஒரே நாளில் ஒரே நர்சரியிலிருந்து அவருடைய பைக்கில் வந்தவை. நான் பின்சீட்டில் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு இந்த வட்டாரத்தில் நண்பர் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். நான் அவரைத் தலைவரே என்பேன், அவர் என்னை சார் என்பார். பங்குனியில் லாரிகள் கிளப்பும் புழுதி இலைகளில் அப்பிக்கொள்ளும். ஆளுக்கொரு பக்கம் நின்று கழுவிவிடுவோம். சித்திரையில் வெயில் தாழ்வதற்குள் மொட்டுப் பறிப்போம். ஆடிக் காற்றுக்குக் கொம்பு நட்டுக் கட்டுவோம். ஐப்பசியில் வேரில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுவோம், அதாவது அவர் வெட்டுவார், நான் மண்வெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். மார்கழிக் கவாத்துக்கு அவர் வைத்த பெயர் ஷட்டவுன். வருஷக் கடைசியில் அவர் கம்பெனியில் லைனை நிறுத்தி மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். அந்த லீவில்தான் அவர் கத்திரிக்கோலோடு வருவார். "சப்ளை கட் பண்ட்டீங்களா சார்?" என்பதுதான் எங்கள் வீட்டில் மார்கழி பிறந்ததற்கு அடையாளம்.

நான் வேலை பார்ப்பது வேறொரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில். சுவரில் எழுதிவைக்கும் வாசகங்களை யோசித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. 'கண்ணெதிரே இருப்பதைக் கவனி' என்று தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வாசலில் இருப்பது என்னுடையது.

போன வருஷம் ஐப்பசியில் எனக்கு ஓர் ஆசை வந்தது. கிழக்குச் சுவர் நெடுகிலும் மல்லியே வைத்துவிட்டால் என்ன? மல்லிக்குக் காலை வெயில்தான் சோறு. அது என் வீட்டில் அந்தச் சுவரோரம் மட்டும்தான் விழும். மற்ற மூன்று பக்கங்களில் ஒன்று சாலை, ஒன்று செப்டிக் டேங்க், ஒன்று மனைவியின் துணிக்கொடி. மூன்றுமே பேச்சுவார்த்தைக்கு அப்பாற்பட்டவை. ஆசையை அவரிடம் சொன்னேன். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வைங்க சார், தாராளமா வைங்க" என்றார். பூக்கத் தொடங்கியிருந்த செவ்வந்தியை எல்லாம் பிடுங்கினேன். மல்லிக் கன்றுகளுக்குக் குழியும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

மார்கழியில் வழக்கம்போல வந்தார். என் பெரிய செடியை அந்த வருஷம்போல அவர் என்றைக்கும் வெட்டியதில்லை. ஒவ்வொரு கிளையையும் திருப்பிப் பார்த்து, முடிவெட்டுகிறவர் மாப்பிள்ளைக்கு வெட்டுவதுபோல வெட்டினார். முடிந்ததும் கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் செடி காடுபோல நின்றது. அதை வெட்டவில்லையா என்று கேட்டேன்.

"அதுக்கு இந்த வருஷம் ஷட்டவுன் இல்ல சார். ஓ.டி. பாத்துக்கினு கீது" என்றார்.

செடிக்கு ஓவர்டைம்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சாப்பிடும்போது மனைவியிடமும் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்காமல் ரசம் ஊற்றினாள்.

மாசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது காலி மனையில் ஜே.சி.பி. நின்றது. அதன் கை முதலில் தூக்கியது அவருடைய மல்லியைத்தான். வேரும் மண்ணுமாக அது காற்றில் ஆடியதை வாயில் நுரையோடு பார்த்தேன். தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலு மாடியில் ஹாஸ்டல் வரப்போகிறது என்று டிரைவர் சொன்னார். என் கிழக்குக்கும் எனக்கும் நடுவில் நாலு மாடி.

உள்ளே ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்பட முயற்சிகூடச் செய்யவில்லை. தீபாவளிப் பலகாரம் கொடுக்க வந்தபோதே அந்த வீட்டு அக்கா சொல்லிவிட்டாளாம். தன் வீட்டுக்காரரே என்னிடம் சொல்லிக்கொள்வார் என்று அந்த அக்கா சொன்னதால் இவள் வாய் திறக்கவில்லையாம். தவிர, முன்கூட்டித் தெரிந்தால் நான் ராத்தூக்கம் இல்லாமல் புலம்புவேனாம். டீக்கடைக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், தண்ணீர் லாரி ஓட்டுபவருக்குத் தெரியும். தெருவில் தெரியாமல் இருந்தவை நானும் புதிதாக நட்ட கன்றுகளும்தான்.

அவர் ஒரு மாதம் என் கண்ணில் படவில்லை. ஷிப்டை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. பங்குனியில் தூண்கள் மட்டும் எழும்பியிருந்தன, வெயில் இன்னும் மறையவில்லை. என் பெரிய மல்லி அந்த வருஷம் பூத்ததுபோல எந்த வருஷமும் பூத்ததில்லை. மானம் கெட்ட செடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, பழக்க தோஷத்தில் கையை நீட்டித் தன் பக்கம் சாய்ந்த கிளையில் பறிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பறித்தோம்.

"கவாத்துக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு என் செடியை வெட்டினீங்க?"

"வெட்டலன்னா பூக்காதே சார். கட்டடம் ஏறுறதுக்குள்ள ஒரு சீசனாவது நல்லா பூத்துட்டுப் போவட்டும்னுதான்."

அதைக் கேட்டபோது ஒரு நொடி என் கோபம் ஆட்டம் கண்டது. நல்லவேளை, கீழே பார்த்தேன். சுவரோரம் கன்றுகள் வரிசையாக நின்றன. அவை நன்றாகப் பூக்க இன்னும் இரண்டு வருஷம் வெயில் வேண்டும்.

"இதுங்களை வைக்கச் சொன்னீங்களே. அது?"

அவர் பறிப்பதை நிறுத்தினார். "நீங்க சந்தோசமா கேட்டீங்க சார். எனக்கு வாயே வரல."

கையிலிருந்த மொட்டுகளைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். கட்டடம் கட்டியதற்காக எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. அவருடைய இடம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழியெடுக்க வளைந்த முதுகு ஏன் ஒரு வார்த்தை சொல்ல வளையவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அந்த மொட்டுகளை நான் எடுக்கவில்லை. மனைவி எடுத்துக் கட்டி, பாதியை அந்த வீட்டு அக்காவுக்கே கொடுத்தனுப்பினாள். என் வீட்டில் வெளியுறவுத் துறை அவளிடம் இருக்கிறது.

ஆடிக்குள் இரண்டு மாடி ஏறிவிட்டது. கன்றுகள் வெளிச்சத்தைத் தேடி வெளிறிப்போய் நீண்டன. பெரிய செடி இலையை அகலமாக்கிக்கொண்டு, பூவை மறந்து, பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கிறது.

இதோ மறுபடியும் மார்கழி. நேற்றுக் காலை குழாயைப் பிடித்துக்கொண்டு செடியருகே நின்றிருந்தேன். மேலே மூன்றாவது மாடியில் அவரும் ஒரு குழாயோடு நின்று புதுச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தார். ஷட்டவுன் லீவு போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எட்டிக் குனிந்தார்.

"சார், இன்னும் சப்ளை கட் பண்லியா? தண்ணி உட்டா வீணாப் பூடும் சார். நான் வேணா வந்து வெட்டித் தரட்டா?"

"வேணாம் சார்" என்றேன். அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்த வருஷம் அதுக்கு ஓ.டி."

அவர் சிரிக்கவில்லை. அங்கேயே நின்றார், அவர் குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் வழிந்துகொண்டிருந்தது. வாட வேண்டிய மாதத்தில் என் மல்லியின் வேர் மூழ்கும்வரை, அவர் பார்க்கப் பார்க்க, நான் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன்.