முதல் தெரிவு எங்களுடையது

எங்கள் அணிக்கு அந்த வருடம் தேவைப்பட்டது கோல் அடிக்கிற ஒருவன் அல்ல. இடது பக்கத்தில் நின்று தடுக்கிற ஒருவன். ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ் அணியின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு விழுந்த கோல்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தால்தான் வந்தன. அங்கே நின்றவன் நல்ல பிள்ளை, ஓடுவான், பயப்படமாட்டான். ஆனால் வலதுகால் பழக்கம். பந்து வந்ததும் அதை மற்றக் காலுக்கு மாற்ற ஒரு கணம் எடுப்பான். எதிரணிக்கு அந்தக் கணம் போதும்.

நான் விளையாடினவள் இல்லை. டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய் மைதானத்து ஓரத்தில் குளிரில் நின்று நின்றுதான் உதைபந்தாட்டம் எனக்குள் வந்தது. மகன் ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இனிப் போகமாட்டேன் என்றான். நான் தொடர்ந்து போனேன். முதலில் மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். வேலை முறையை மாற்றிக்கொண்டு கோடை காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் போய் நிற்பேன். எங்கள் அணியின் ஆட்டம் இல்லாத நாளில் மற்ற ஊர் அணிகளின் ஆட்டத்தையும் பார்ப்பேன். பந்தைப் பார்க்கமாட்டேன். பந்து இல்லாதவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இல்லத்தில் ஒரு மேசையில் பேசாமல் இருப்பவர்களைக் கவனிக்கிற வேலை என்னுடையது. அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

இதையெல்லாம் கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தார். அணியின் பொறுப்பாளர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் எல்லோரையும்போல என்னை அக்கா என்றே கூப்பிடுவார். நான் அவரை அண்ணை என்பேன். அவருக்கும் டோர்ட்மண்டில் வேலை. காலையில் ஒரே ரயிலில் போவோம். அவர் இடம் பிடித்து வைத்திருப்பார். நான் ஏறி இருந்ததும், "சொல்லுங்கோ அக்கா, சனிக்கிழமை எங்கை பிழைச்சது?" என்பார். நான் சொல்லத் தொடங்குவேன். இறங்குகிற வரைக்கும் சொல்லுவேன். அவர் குறுக்கே பேசமாட்டார். என் வீட்டிலோ வேலையிலோ என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் சுற்றியுள்ள ஐந்து ஊர்த் தமிழ் அணிகளும் ஒரு முடிவுக்கு வந்தன. நல்ல இளைஞர்கள் எல்லாம் ஜெர்மன் கழகங்களுக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்கள் நண்பன் இருக்கிற அணியிலேயே சேர்கிறார்கள். ஒரு அணியில் ஆட்கள் நிரம்பி வழிய, இன்னொன்றில் பதினொருவருக்கே திண்டாட்டம். ஆகவே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பொதுவில் பெயர் கொடுக்க வேண்டும், அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்க வேண்டும் என்றார்கள். அமெரிக்கர்கள் தங்கள் ஃபுட்போலில் அப்படித்தான் செய்வார்களாம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர் என்று இங்கே பிறந்த பிள்ளைகள் விளங்கப்படுத்தினார்கள். கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் தெரிவு. முந்தைய வருடம் கடைசியாக வந்தது நாங்கள். வெட்கமான விஷயம்தான், ஆனால் முதல் தெரிவு எங்களுடையது என்று கேட்டதும் எனக்குச் சம்பளம் கூடின மாதிரி இருந்தது.

ரயிலில் அண்ணை கேட்டார். "அக்கா, எங்களுக்கு ஆர் வேணும்?"

"இடக்கால் பெடியன். வேறை ஆரும் வேண்டாம்."

"எல்லாரும் அந்த உயரப் பெடியனைத்தானே சொல்லுகினம்."

"சொல்லட்டும். அவன் கோல் அடிப்பான், ஓம். ஆனா பந்து பறிபோனா இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறான். நீங்கள் பாத்தனீங்களோ? எங்களுக்கு அடிக்க ஆள் இருக்கு அண்ணை. மறிக்கத்தான் ஆளில்லை."

உயரமானவனை நான் வெறுக்கவில்லை. அவன் அடித்த கோல்களின் காணொளிகள் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றின. அவற்றில் அவன் அழகாகத்தான் இருந்தான். ஆனால் காணொளியில் கோல் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பிறகு அவன் நடந்து திரிந்தது இருக்காது. பந்துக் காப்பாளன் ஒருவனும் பெயர் கொடுத்திருந்தான். கை நல்ல கை, ஆனால் வாய் திறக்கமாட்டான். முன்னால் நிற்பவர்களைக் கத்தி நிறுத்தத் தெரியாத காப்பாளனால் பாதிப் பயன்தான்.

இடக்கால் பெடியன் எங்கள் ஊரிலேயே இருந்தவன். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாயும் சூடாக்கியும் பூட்டுகிற வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தான். அந்தத் தொழிற்பயிற்சியின் கடைசி வருடம். ஓய்வு கிடைத்தால் பூங்கா ஓரத்து மைதானத்தில் துருக்கிப் பெடியளுடன் விளையாடுவான். அங்கேதான் அவனைக் கண்டேன். பெரிய வேகக்காரன் இல்லை. ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னமே போய் நிற்பான். ஓடித் தடுக்க வேண்டிய தேவையே அவனுக்கு வராது. இதை அண்ணையிடம் சொன்னபோது என் குரல் கூடிவிட்டது. எதிரே இருந்த ஜெர்மன்காரி பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

அண்ணை சிரித்தார். "சரி அக்கா, முடிஞ்சுது. அவன்தான். ஆனா அவன் பேர் குடுக்க யோசிக்கிறானாம். நீங்களே ஒருக்கா அவனோடை கதையுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவான்."

நான் போய்க் கதைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மைதானத்து மதிலில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"உண்மையா எடுப்பினமோ அக்கா?" என்றான். "வேறை ஊர் அணி எடுத்தா என்னாலை போய்வர ஏலாது. சனிக்கிழமையிலை வேலையும் இருக்கு. முதலாளி மைஸ்டரிட்டைக் கெஞ்சித்தான் லீவு எடுக்கவேணும்."

"முதல் தெரிவே நீர்தான் தம்பி. அண்ணை சொன்னவர்."

அவன் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அடுத்த கிழமை தன் முதலாளியிடம் கதைத்து, கோடைச் சனிக்கிழமைகளுக்குப் பதிலாக வேறு நாட்களில் வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். பெயரும் கொடுத்தான்.

தெரிவு நாள் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தேநீர், ரோல்ஸ், பிள்ளைகளின் இரைச்சல். பெயர் கொடுத்தவர்கள் ஒரு பக்கம் வரிசையாக இருந்தார்கள். இடக்கால் பெடியன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தான். அண்ணை எழும்பினார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். உயரமானவனின் பெயரைச் சொன்னார்.

மண்டபம் கைதட்டியது. எனக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"இது தனியா நான் எடுத்த முடிவில்லை," என்று அண்ணை தொடர்ந்தார். "எங்கடை ஆதரவாளர்களோடையும் கதைச்சுத்தான் எடுத்தது." சொல்லும்போது நான் இருந்த பக்கம் கையைக் காட்டினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எழும்பி இல்லை என்று சொல்லியிருக்கலாம். தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி இருந்துவிட்டேன். அடுத்த தெரிவு வுப்பர்டால் அணியுடையது. அவர்கள் ஒரு கணமும் யோசிக்காமல் இடக்கால் பெடியனை எடுத்தார்கள்.

வெளியே வந்து அண்ணையைப் பிடித்தேன். "என்ன அண்ணை இது?"

"நிர்வாகக் குழு விடேல்லை அக்கா. கடைசி நேரத்திலை எல்லாரும் நெருக்கினவை. நான் தனி ஆள், என்ன செய்ய?" என்றார். முகம் உண்மையாகவே வாடியிருந்தது. நான் நம்பினேன். அவருக்காகப் பாவப்படவும் செய்தேன். பெடியன் எங்களைக் கடந்து போனான். நான் கூப்பிட்டேன். காதில் விழாதவன்போலப் போய்விட்டான்.

கோடை நான் நினைத்தபடியே நடந்தது. உயரமானவன் கோல் அடித்தான். அவன் அடித்ததைவிடக் கூடுதலாக எங்கள் இடது பக்கத்தால் எங்களுக்கு விழுந்தது. வுப்பர்டாலுடன் விளையாடிய நாளில், ஏலாது என்று சொன்ன தூரத்தை ரயிலில் போய்வந்து விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பெடியன் எங்கள் முன்வரிசையை அசையவிடவில்லை. நான் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு அவனுக்காக மனதுக்குள் கைதட்டினேன். தோற்றபோது அழுகை வந்ததும் உண்மை.

ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். "வடிவா விளையாடினீர் தம்பி."

வாங்கிக் குடித்தான். பிறகு சொன்னான். "உங்களோடை எனக்குக் கோபமில்லை அக்கா. ஆனா முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம்."

"என்னத்தை?"

"எனக்கு ஓட்டம் காணாது எண்டு. முழங்கால் சரியில்லை எண்டு. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதாலைதான் என்னை விட்டதெண்டு அண்ணை சொன்னவர். நான் அவருக்குப் போன் எடுத்துக் கேட்டனான்."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். நம்பாதவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். இல்லத்தில் நான் தினமும் பார்க்கிற தலையாட்டல் அது.

திங்கட்கிழமை ரயிலில் அண்ணை வழக்கம்போல இடம் பிடித்து வைத்திருந்தார். நான் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டேன். "நான் அவனை வேண்டாமெண்டு சொன்னனானோ அண்ணை?"

அவர் கோப்பிக் கோப்பையை மூடினார். "அவன் ஏன் எண்டு கேட்டவன் அக்கா. நான் என்னத்தைச் சொல்லுறது? உங்களிலை அவனுக்கு மரியாதை. நீங்கள் சொன்னதெண்டாப் பேசாமல் இருப்பான் எண்டு நினைச்சன்."

"குழு நெருக்கினதெண்டு சொன்னீங்களே."

அவர் கோப்பையின் மூடியைத் திரும்பவும் அழுத்தினார்.

"உங்களுக்கு அவனைப் பிடிக்கேல்லையோ? அதையாவது சொல்லுங்கோ."

"பிடிச்சதாலைதான் அக்கா," என்றார். பிறகு யன்னலைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னார். அவருடைய மகள் வுப்பர்டாலில் வீடு வாங்கியிருந்தாள். அவரும் மனைவியும் அங்கே போகப்போகிறார்கள். வுப்பர்டால் அணி அடுத்த வருடம் அவரைப் பயிற்சியாளராக வரச் சொல்லிக் கேட்டிருந்தது. தெரிவு நாளுக்கு முன்னமே ஒப்புக்கொண்டுவிட்டார். "அங்கையும் இடது பக்கம் ஆளில்லை. ரெண்டாந் தெரிவு அவையின்ரை எண்டு தெரியும், அவனை எடுக்கச் சொல்லி வைச்சனான். நீங்கள் அவனைப் பற்றி அவ்வளவு சொன்னாப் பிறகு இஞ்சை விட்டிட்டு எப்பிடிப் போறது? நீங்கள் சொன்னது ஒண்டும் பிழைக்கேல்லை அக்கா. இப்ப பாத்தீங்கள்தானே."

அவர் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் போனது. என் கருத்தை அவர் தட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு ரசிகையின் பேச்சுத்தானே என்று விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். அவர் முழுவதும் நம்பியிருக்கிறார். ஒவ்வொரு காலையும் நான் எங்கள் அணிக்காகச் சொன்னதை, எங்கள் அணியை விட்டுப் போகிற ஒருவர் தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இனி எனக்கு இடம் பிடிக்காதேங்கோ," என்றேன். அடுத்த பெட்டிக்கு நடந்தேன்.

கணவரிடம் சொன்னேன். "ஒரு சனிக்கிழமை விளையாட்டுக்கு இவ்வளவு அழுகையோ?" என்றார். அணியின் குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவினார். "விடுங்கோ அக்கா. அந்தாள் இந்த அணிக்கு எவ்வளவோ செய்தவர். போற நேரத்திலை ஏன் மனஸ்தாபம்?" அண்ணைக்குப் பிரியாவிடை வைத்தார்கள். நான் அன்றைக்கு வேலை எடுத்துக்கொண்டேன். பொன்னாடை போர்த்திய படத்தை மகன் கைபேசியில் காட்டினான். பெரிய கூட்டமாக இருந்தது.

பெடியனுக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவன் எங்கள் வீட்டுச் சூடாக்கியைப் பார்க்க அவனுடைய முதலாளியுடன் வந்தபோது, சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் குழாய் திருகும் சாவியுடன் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப அண்ணை என்னை வேணுமெண்டுதான் செய்தவர்?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. யாரோ ஒருவர் தன்னை அவ்வளவு விரும்பியிருக்கிறார் என்பது அந்த வயதில் பெரிய செய்தி. "நீங்கள் சொல்லேல்லை எண்டு இப்ப விளங்குது அக்கா," என்றும் சொன்னான். அதற்கு நான் நன்றி சொன்னேன்.

புதிய பொறுப்பாளர் மகனின் வயதுக்காரர். எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்ப்பவர். என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். நான் இப்போதும் போகிறேன். எங்கள் இடது பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

போன கோடையில் வுப்பர்டால் எங்கள் ஊருக்கு விளையாட வந்தது. இடைவேளையில் யாரோ பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. அண்ணை. மெலிந்திருந்தார். அந்த அணியின் நீல மேற்சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. பழைய குரலில், ரயிலில் கேட்கிற அதே ஆசையுடன் கேட்டார். "சொல்லுங்கோ அக்கா. எங்கை பிழைக்குது எங்களுக்கு?"

எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய நடுவரிசையில் இருவர் ஒரே பந்துக்குப் போகிறார்கள், அதனால் பின்னால் வெற்றிடம் விழுகிறது. முதல் கால் மணி நேரத்திலேயே கண்டுவிட்டேன். அதைச் சொல்ல என் வாய் திறந்தும்விட்டது. அத்தனைக்குப் பிறகும் திறந்தது. அவரைப்போல வேறு யாரும் என்னைக் கேட்டதில்லை.

"தெரியேல்லை," என்றேன். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தேன். அவர் தன் ஆட்கள் இருந்த பக்கம் திரும்பிப் போனார். இரண்டாம் பாதியில் அந்த இருவரும் திரும்பவும் ஒரே பந்துக்குப் போனார்கள். எங்கள் உயரமானவன் பின்னாலிருந்த வெற்றிடத்தில் ஓடிப்போய்க் கோல் அடித்தான். சுற்றி நின்றவர்கள் துள்ளினார்கள். நானும் கைதட்டினேன்.