சூரியன் அடங்காத ஊருக்குத் தைத்த பாவாடை

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது பெண்பிள்ளை பெரியவளானால், இன்றைக்கும் என் தாய்மாமன் எனக்குச் செய்த சீரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சீர்த் தாம்பாளங்கள் தெருமுனையில் மாதா சொரூபம் வைத்த கெபியில் தொடங்கி எங்கள் வாசல் வரைக்கும் வரிசையாக வந்தன என்பார்கள். வந்தது உண்மைதான். அந்த வரிசை வந்த அன்றைக்கு நான் நார்வேயில் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் பள்ளிக்கூடத்தில் கும்மி சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு எப்படியோ ஒரு அழைப்பு வந்தது. நார்வேயின் வடகோடியில் ட்ரோம்சோ என்று ஒரு ஊர். பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே கூடித் தங்கள் ஆட்டம் பாட்டத்தைக் காட்டுவது, பிறகு அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மலையையும் கடலையும் மனிதர்களையும் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டுவது என்று ஏற்பாடு. கும்மிக்கு எட்டுப் பேர். அதில் நான் ஒருத்தி. யாருக்காவது காய்ச்சல் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று, ஒன்பதாவதாக ஒரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட், விசா எடுத்துவைத்தார் சிஸ்டர். அந்த ஒன்பதாவது பிள்ளை என் மாமா மகள்.

கோடை விடுமுறை முழுக்க சிஸ்டருக்கு அந்த ஊர்ப் பேச்சுதான். ஊர் ஒரு தீவின் மேல் இருக்கிறது. நீளமாக ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் பனிப்பாளங்களைச் சாய்த்து அடுக்கிய மாதிரி முக்கோணமாக ஒரு வெள்ளைக் கோயில். ஜூன் மாதத்திலும் மலையுச்சியில் பனி. அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறையவே மறையாது என்று அவர் சொன்ன அன்றைக்கு மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இருட்டவே இல்லையென்றால் இராச்செபத்தை எப்போது சொல்வது? கோழிகள் எப்போது அடையும்? பகலென்று நினைத்து நான் அசந்து தூங்கி, என்னை விட்டுவிட்டு எல்லாரும் ஊர் திரும்பிவிட்டால்? நான் அப்படிப்பட்ட பிள்ளை. இப்போதும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இறங்க வேண்டிய இடத்தை நினைத்துப் பயப்படுகிறவள்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஆசை கிடந்தது. சிறுமலையைத் தவிர வேறு மலையில் நான் கால் வைத்ததில்லை. பனியைத் தொட்டால் சுடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் ஆசை கெட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எட்டுப் பேருக்கும் பாவாடை தைத்தது அம்மாதான். சின்னாளபட்டிப் பட்டு, அரக்கு நிறம், பச்சைக் கரை. அம்மாவின் தையலைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு: துணி கந்தலானாலும் தையல் விடாது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை. உப்பிலும் சுண்ணாம்பிலும் அவர் சட்டைகள் இற்றுப்போகும். அம்மா ஓட்டிய தையல் மட்டும் மீன்முள் மாதிரி மிஞ்சி நிற்கும்.

விமானம் ஏற ஒரு வாரம் இருக்கும்போது நான் பெரியவளானேன்.

எங்களில் அதைத் தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் பிள்ளை அந்தக் குச்சுக்குள் இருக்க வேண்டும். அம்மா நினைத்திருந்தால் மூச்சுவிடாமல் என்னை வேனில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் தன் தம்பியிடம் ஒன்றை மறைக்க அம்மாவுக்குத் தெரியாது. அவனே ஒரு வழி சொல்வான் என்று நம்பி, நத்தத்துப் புளிமூட்டை இறக்கிக்கொண்டிருந்த மாமாவைக் கடையிலிருந்து கையோடு கூட்டிவந்தாள்.

“ஊருக்குத் தெரிய வேணாம்யா. பிள்ள போயிட்டு வந்துரட்டும். வந்த பின்னாடி குச்சு கட்டி, தண்ணி ஊத்தி, எல்லாம் செஞ்சுக்கிருவோம்” என்றாள்.

“என்னக்கா பேசுற? குத்தவச்ச பிள்ளய ஒளிச்சு அனுப்பிட்டான்னு நாளைக்குத் தெரிஞ்சா, மாமன்னு நான் தெருவுல நடக்க முடியுமா? எனக்கு மூத்த மருமக. இவளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?”

“செய்ய வேணாங்கலப்பு. செத்தப் பொறுத்துச் செய்யின்னுதான் கேக்குறேன்.”

“சூரியனே அடங்காத ஊருங்குறாங்க. அங்க பொம்பளப்பிள்ள எங்கிட்டு அடங்கும்?” என்றார் மாமா. அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே முற்றத்தில் குச்சு எழுந்தது. மறுநாள் சிஸ்டர் வந்தார். “இது ஒண்ணும் சீக்கு இல்லங்க. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்றார்.

“செபம் உங்க பக்கம் சிஸ்டர், சடங்கு எங்க பக்கம். குறுக்க வராதீக” என்று மாமா பணிவாகவே சொன்னார். வாசல்வரை வழியனுப்பப் போனவர், “ஒம்பதாவதா ஒரு பிள்ள ரெடியாத்தான இருக்கு?” என்றும் கேட்டார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. குச்சுக்குள் இருந்த எனக்கு முதலில் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனிப் பயப்பட வேண்டாம். அப்புறம்தான் அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமா தன் மகளோடு வந்தார். “அக்கா, இவ செத்தப் பூசுனாப்புல இருக்கா. அந்தப் பாவாடைய இடுப்புல விட்டுக் குடு.”

அம்மா என் பாவாடையைப் பிரித்து இடுப்பில் ஒட்டுத்துணி வைத்தாள். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்போட்ட இடத்தில் அம்மா எப்போதும் இரண்டு ஓட்டம் ஓட்டுவாள். முனையில் முன்னும் பின்னும் தைத்து நூலை முடிச்சிடுவாள். அன்றைக்கு மெஷினில் எதையோ திருகினாள். எறும்பு வரிசை மாதிரி ஊர்கிற தையல் தவளை மாதிரித் தத்திப்போனது. ஒரே ஓட்டம். முடிச்சு இல்லை. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். மாமா அவசரப்படுத்துகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

“அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?” என்றார் மாமா.

“நீ கேட்டதுக்கு இது போதும்.”

தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு மாமா தூள் கிளப்பினார். எனக்கு மாலை போடும்போது அவருக்குக் கண் கலங்கியது. மகள் சீமைக்குப் போயிருக்கும்போதுகூட மருமகளுக்கு ஒரு குறை வைக்காத மாமன் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். அப்போது எனக்கும் அவர்மேல் பிரியமாகத்தான் இருந்தது.

மாமா மகள் திரும்பி வந்ததும் நேராக என்னைப் பார்க்க ஓடிவந்தாள். “போடி, ஊரா அது? ஒரே மீன் கவிச்சி. தொட்டுக்க வெஞ்சனம்னு என்னத்தக் கேட்டாலும் உருளக்கெழங்குதான். ராத்திரியெல்லாம் வெயிலு. சன்னல்ல கறுப்புத் துணி கட்டிப் படுத்தோம். நீ வந்திருந்தா கவலையிலயே செத்திருப்ப” என்றாள்.

“கோழி எப்ப அடஞ்சுச்சு?”

“கோழியவே பாக்கலடி. பனிமானுதான். அத மேய்க்கிறவங்க ஒரு கூடாரத்துல எங்கள உக்கார வச்சாங்க. நடுவுல நெருப்பு, உச்சியில ஓட்டை. அச்சு அசலா உன் குச்சு மாதிரியே. அதுல ஒருத்தரு வார்த்தையே இல்லாம ஒரு பாட்டுப் பாடுனாரு. அவரு செத்துப்போன தங்கச்சியத்தான் பாடுறாருன்னாங்க. வார்த்தை இல்லாம ஒரு ஆள எப்பிடிடி பாடுறது?”

“பனி சுட்டுச்சா?”

“சுட்டுச்சு” என்றாள்.

அப்புறம் குரலை இறக்கினாள். மேடையில் இரண்டாவது சுற்றிலேயே அவள் பாவாடையின் இடுப்பு ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. கும்மிக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொட்டாமல், அழுதுகொண்டே வட்டத்தை மட்டும் சுற்றிவந்திருக்கிறாள். “அதுவும் ஆட்டம்னு நெனச்சு கை தட்டுறாங்கடி” என்று சொல்லும்போது மறுபடியும் அழுதாள். போகும்போது அந்தக் கடற்கரையில் எனக்கென்று பொறுக்கிய கூழாங்கல் ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலையில் பள்ளிக்கூடத்தில் திரை கட்டி அந்த ஊர்ப் படங்களைக் காட்டினார்கள். எட்டுப் பேர் நிற்கிற படத்தில் நான் எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில் நான் போகவில்லை. மறுநாளும் அதே பயம்; அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டேன். வீட்டிலிருந்து தையல் பழகட்டும் என்று மாமா சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. மாமா மகள் காலேஜ் வரைக்கும் படித்தாள்.

மெஷினில் என்னை உட்காரவைத்து அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒட்டுக்கு இரண்டு ஓட்டம், முனையில் முடிச்சு. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அம்மா மனம் நோகுமே என்று அதுவரை மூடிவைத்திருந்ததைச் சொன்னேன். “அன்னைக்கு நீ போட்ட ஒட்டு அங்க விட்டுப்போச்சாம்மா.”

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “ஆடிக்கிட்டு இருக்கையிலயா?”

“ஆமா.”

“அம்புட்டுப் பேரும் பாத்தாகளாமா?”

“ம். அழுதுட்டாளாம்மா.”

அம்மா சற்று நேரம் முற்றத்தில் குச்சு இருந்த இடத்தையே பார்த்தாள். “அது அழுதுச்சா” என்று கேட்டாள். பிறகு துணியை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்து, “தையி” என்றாள். ஊசியில் நூல் கோக்க அன்றைக்கு அவளால் முடியவில்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தையல் விட்டுப்போனதற்கும் அதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். அன்றைய செபத்தில், கண்ணுக்குக் காவலான புனித லூசியம்மாளிடம் அம்மாவின் கண்களுக்காக வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த அம்மா அதற்கும் ஆமென் சொன்னாள்.