பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நான்

என் மகளுக்குப் பதினாறு வயது. சீசன் தொடங்கியதும், தோழிகளோடு குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்றாள். தென்காசியிலிருந்து பக்கம்தான். மறுத்தால் வீட்டில் சண்டை. "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். அவளுக்குத் தெரியாது.

மெயினருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. கம்பிக்கு வெளியே கூட்டத்தில் ஒளிந்து நின்று, அவள் தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் போலீஸ் என் காலரைப் பிடித்தார்.

"ரொம்ப நேரமா பாக்கேன். பொம்பளைங்க குளிக்கிற எடத்துல என்ன அண்ணாச்சி பார்வ?"

"எம் மக உள்ள குளிக்கா, மேடம்."

"எல்லாவனும் இதத்தான் சொல்லுதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கினான். நகர வழியில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஈரத்துணியோடு வந்தாள், பின்னாலேயே தோழிகள்.

"இவரு யாரும்மா?"

ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"எங்கப்பாதான் மேடம். நான் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவருதான் சொல்லாம வந்திருக்காரு."

கண்டவன் கண் அவள் மேல் படக்கூடாது என்றுதான் போனேன். அங்கே குளித்த மற்ற பெண்களுக்கு அந்தக் கண்டவன் நான்தான். புத்தி கெட்டவன்.

அவளைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. இப்போது அவள் "போயிட்டு வாரேன்" என்று மட்டும்தான் சொல்கிறாள். எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.