மூன்று மடிப்பு

பூட்டிய கதவு பூட்டியிருக்கிறதா என்று எங்கள் அண்ணி பார்க்கும் விதமே தனி. மற்றவர்கள் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். அண்ணி சாவி போட்டுத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி பூட்டுவார். மூன்று படி இறங்கியதும் இன்னொரு தடவை. நான் கடைக்குப் போய் வந்தால், பையை வாங்குவதற்கு முன் என் முகத்தைத்தான் பார்ப்பார். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அவர் கண்ணுக்கு நான் இன்னும் விசாரணைக் கைதிதான். கெட்டவர் என்று சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். அப்போதும் மாத்திரையை விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

அவருக்கு அமைந்த வேலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ராணுவ வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் சோதனை பார்ப்பவர். பதினேழாம் நம்பர் முத்திரை அவருடையது. வளையத்தை எண்ணெய்த் தாளில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலத்தோடு அலுமினியப் பையில் போட்டு, சூடு வைத்து ஒட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சொன்ன இடத்தில் சொன்ன அளவில் லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் ஒரு விரல் தள்ளிப் போனாலும் ராணுவக் கிடங்கில் வாங்க மாட்டார்கள். இதற்கென்று தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம் உண்டு. மற்றவர்கள் சந்தேகம் வந்தால் அதைத் திறப்பார்கள். அண்ணிக்குச் சந்தேகம் தீர்ந்த நேரமே இல்லை என்பதால் அவர் மேஜையில் அது திறந்தே கிடக்கும். கம்பெனியில் அவருக்கு வைத்த பேர் பூதக்கண்ணாடி.

அண்ணனுக்குத் தொழில் பழைய அட்டைப் பெட்டி. கடைகளில் கழித்துப் போடுவதை நானும் அவரும் வேனில் ஏற்றிக்கொண்டு வருவோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டில் அண்ணன் உட்கார்ந்து, பெட்டியின் ஒட்டுப் பட்டையைக் கத்தியால் மெல்லப் பிரிப்பார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடிப்பார். பசை தடவி, கம்பிப் பின் அடிப்பார். பழைய எழுத்தெல்லாம் உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் புதுப் பெட்டி மாதிரிதான் இருக்கும். அண்ணி வேலை செய்யும் அதே கம்பெனிதான் எங்களிடம் அதிகம் வாங்கியது, சாதாரணக் கடைகளுக்குப் போகும் சரக்குக்காக. ராணுவச் சரக்குக்கு மட்டும் புதுப் பெட்டிதான் போகலாம், அது விதி. அந்தப் புதுப் பெட்டிகள் தட்டையாக, கட்டுக் கட்டாக ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். கூண்டுச் சாவி அண்ணியின் கழுத்துக் கயிற்றில் தொங்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனிக்குப் புதிதாக ஒரு ஸ்டோர்கீப்பர் வந்தார். அதிகம் பேசாத ஆள். அது போதாதா அண்ணிக்கு? பேசாதவன் மனசில் எதையோ வைத்திருக்கிறான் என்றார். அதற்கு முன்பிருந்தவர் ஓயாமல் பேசுவார், அவரையும் எதையோ மறைக்கத்தான் பேசுகிறார் என்று சொன்னவர்தான் இவர். அன்று முதல் கூண்டுக்கு வரும் புதுப் பெட்டிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். ஸ்டோர்கீப்பர் எதையாவது மாற்றி வைத்துவிட்டால்?

ஒரு திங்கட்கிழமை, ராணுவக் கிடங்கிலிருந்து எண்பது பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். பெட்டிகள் ஏற்கெனவே உபயோகித்தவை, இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆர்டர் ரத்து என்று எழுதியிருந்தது. எண்பதிலும் பதினேழாம் நம்பர் முத்திரை. மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டு, அடுத்த சரக்கு சனிக்கிழமை கிளம்ப வேண்டும், அதற்குள் பழைய பெட்டி எப்படி உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் உங்களை வைத்துக்கொள்ள என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போனார். ஊரில் பழைய பெட்டியைப் புதுசாக மாற்றத் தெரிந்த ஆள் யார்? அவர் புருஷன். அந்தக் கம்பெனிக்குள் தினமும் வேன் ஓட்டிப் போகிறவன் யார்? நான். கணக்கு சரியாக இருந்தது, அதுதான் கொடுமை.

அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது. இன்று எத்தனை பெட்டி போட்டீர்கள், எந்த வாசலில் இறக்கினீர்கள், ஸ்டோர்கீப்பர் என்ன பேசினார் என்று கேட்பார். அதே கேள்வியை என்னிடம் தனியாகக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார். நாங்கள் வேனில் ஏற்றும் பெட்டிகளின் உள்மடலில் பச்சைப் பேனாவால் புள்ளி வைத்தார். கம்பெனியில் போய் அந்தப் புள்ளியைத் தேடினார். கூண்டுக்குள் ஒரு புள்ளிகூட இல்லை. இல்லை என்றால் நிம்மதிப்பட வேண்டியதுதானே? நாங்கள் புள்ளியைக் கண்டுபிடித்து அழித்துவிட்டோம் என்று முடிவு கட்டினார்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் "இல்லம்மா" என்று ஒரே பதில் சொல்லிக்கொண்டு பசை தடவிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை, ஷெட் மூலையில் ராணுவப் பெட்டி செய்யும் ஆலையின் வட்ட முத்திரையோடு ஆறு பெட்டிகளை அண்ணி பார்த்துவிட்டார். மூலை நசுங்கியது என்று அவரே கழித்து, கேட் சீட்டு போட்டு எங்களுக்குக் கொடுக்கச் சொன்ன பெட்டிகள் அவை. நான் சீட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தன் கையெழுத்தையே தன் கையெழுத்துதானா என்று பார்த்தார்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் எங்கள் வேனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே விடக்கூடாத வண்டிகளின் பலகையில் சாக்பீஸால் எங்கள் நம்பர். செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு, உங்க அண்ணிதான் எழுதிக் கொடுத்திருக்காங்க என்றார். பழைய பெட்டி சப்ளை செய்பவர் மேல் தனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று மேனேஜருக்குக் கடிதம். என் கணவர் என்று எழுதவில்லையாம், சப்ளை செய்பவர் என்றுதான் எழுதியிருந்தாராம். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அண்ணன் வேனைத் திருப்பச் சொன்னார், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் எங்களை வரச் சொன்னார். வேன் வெளியே நிற்க, நடந்து உள்ளே போனோம். பேக்கிங் அறையில், திரும்பி வந்த பெட்டிகளில் பத்து மேஜை மேல் இருந்தன. ஒரு பக்கம் ஸ்டோர்கீப்பர், இன்னொரு பக்கம் அண்ணி. உங்கள் வேலையா இது என்று மேனேஜர் நேராகவே கேட்டார்.

அண்ணன் ஒரு பெட்டியை எடுத்தார். ஒட்டுப் பட்டையைக் கட்டை விரலால் தடவினார். முகர்ந்தார். வெளிச்சத்துக்கு நேராக மடலைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. அவ்வளவு நேரமும் அண்ணி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திருப்பின பெட்டின்னா ஒட்டு பிரிச்சு, பின் அடிச்சிருக்கும் சார். இது ஆலையில ஒட்டின ஒட்டு, யாரும் தொடல," என்றார் அண்ணன். "பெட்டி புதுசுதான். ஆனா மடல்ல பாருங்க, மூணு மடிப்பு. உள்ள டேப் ஒட்டிப் பிச்ச தடம். புதுப் பெட்டிய மூணு தடவை நிமித்தி, டேப் போட்டு, திரும்பத் தட்டையாக்கி வச்சிருக்காங்க. அதான் பழசு மாதிரி ஆயிடுச்சு."

பிறகு அவர் நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் கேட்டார். "கூண்டுக்குள்ள போய் இதைப் பண்ணது யாரு?"

கூண்டுச் சாவி யாரிடம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நான் துடித்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

அண்ணியின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

"நான்தான்," என்றார். "வந்ததும் ஒரு தடவை பிரிச்சுப் பாப்பேன். சனிக்கிழமை ஒரு தடவை. பேக்கிங் அன்னைக்குக் காலைல ஒரு தடவை. ஒவ்வொரு பெட்டியும். டேப் பிடிக்குதா, பலமா இருக்கா, யாராவது மாத்திட்டாங்களான்னு." கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "நாளைக்குப் போற பெட்டிய இந்த வாரம் தினமும் ரெண்டு தடவை பிரிச்சேன்," என்றார்.

மேனேஜர் விதிப் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். ஐம்பதுக்கு ஒன்று சோதித்தால் போதும், சோதித்த பெட்டியை மீண்டும் உபயோகிக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. போட்டது அண்ணிதான். மற்றவர்கள் மீறிவிடக் கூடாதே என்று போட்டாராம்.

ஆலைக்குப் போன் போட்டு, புதுப் பெட்டிகளை மாலைக்குள் வரவழைத்தார்கள். நாளைய சரக்கு தப்பியது. ஒப்புக்கொண்டதால் அண்ணிக்கு வேலையும் தப்பியது. சாவி மட்டும் ஸ்டோர்கீப்பர் கைக்குப் போனது. அவர் அதை வாங்கும்போதும் ஒன்றும் பேசவில்லை.

மாலையில் அண்ணியையும் ஏற்றிக்கொண்டோம். வேனில் மூன்று பேரும் முன் சீட்டில். அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி கேட்டார்.

"ஏங்க, கோவமா?"

அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தது பெட்டின்னா, வேற புதுசு வாங்கிக்கலாம்," என்றார்.

அண்ணி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நியாயமாக எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, வண்டியத் திருப்பு. கேட் பலகையில நம்ம நம்பர் இன்னும் இருக்கும்," என்றார்.

திருப்பினேன். அண்ணி இறங்கிப் போய், செக்யூரிட்டி துணி தேடுவதற்குள் வெறும் கையாலேயே பலகையைத் தேய்த்தார். திரும்பி வரும்போது மூன்றாவது எட்டில் நின்றுவிட்டார். எனக்குத் தெரியும், இப்போது திரும்பிப் பார்ப்பார், போய் இன்னொரு தடவை துடைப்பார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு வந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"சரியா அழிஞ்சுதா?" என்று கேட்டார் அண்ணன்.

"பாக்கலங்க," என்றார் அண்ணி.

அண்ணன் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.