ரோஷத்துக்குப் போன டாக்டர் பட்டம்

வள்ளிநாயகத்துக்கு டாக்டர் பட்டம் கிடைக்காமல் போனதற்கு மூளை காரணமில்லை, ரோஷம்தான் காரணம். மூளை அவனுக்கு வேண்டிய மட்டும் இருந்தது. கொட்டாரத்திலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சரித்திரத்தில் எம்.ஏ. முதல் வகுப்பில் தேறியவன் அவன் ஒருவன்தான். அங்கேயே அரசுக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. உலகம்மையைக் கட்டிவைத்தார்கள். அவன் அப்பாவுக்கு அத்தோடு ஜன்மம் சாபல்யம். எம்.ஏ.வுக்கு மேலே ஒரு படிப்பு இருக்கிறது என்பதே அவன் சொல்லித்தான் எங்கள் ஊருக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அவனுடைய பேராசிரியர் ஐயப்பன் அவனை டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். விஷயமும் தோதாக அமைந்தது. பழைய நாளில் எங்கள் நாஞ்சில் நாட்டு ஊர்க்கூட்டங்கள் வரி கொடுக்கமாட்டோம் என்று ராஜாவையே எதிர்த்து நின்ற கதை. அதற்கான ஓலைகள் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படித்து எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் வட்டெழுத்து, இப்போது வழக்கொழிந்துபோன பழைய எழுத்து. பேராசிரியருக்கே தட்டுத் தடுமாறித்தான் வரும். வள்ளிநாயகம் தினசரிப் பேப்பர் படிக்கிற மாதிரி படிப்பான். லீவுக்கு வந்தால், நம் பாட்டன் பூட்டன்மார் கூடி என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கடைத்தெருவில் நின்று சொல்லுவான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு களை இல்லை.

அடுத்த வருஷம், தமிழ் பேசுகிற எங்கள் தெற்குத் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் சூடு பிடித்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஊர்வலத்தில் போனால் வேலை போய்விடும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வள்ளிநாயகமும், செக்ரட்டேரியட்டில் குமாஸ்தாவாக இருந்த அவன் சிநேகிதன் நீலகண்டனும் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, காது மறையத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, ஊர்வலத்தின் கடைசியில் நடப்பார்கள். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைப்பு. "எம்.ஏ.காரா, தலைப்பா நழுவுதுடே" என்று பெட்டிக்கடையிலிருந்து குரல் வரும். நீலகண்டனுக்குத் தொண்டை பெரிது. கோஷம் போட்டால் அடுத்த தெருவில் மாடு மிரளும். ஓலைக்கட்டுகள் பாட்டுக்குத் திருவனந்தபுரத்தில் காத்துக் கிடந்தன.

ஐம்பத்தாறில் எல்லாம் முடிவாகி, நாங்கள் தமிழ்நாட்டுக்கு என்று தீர்ந்ததும், உத்தியோகஸ்தர்களிடம் ஒரு கேள்வி வந்தது. எந்த ராஜ்யத்தில் வேலை வேண்டும், கேரளமா, சென்னையா, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். தமிழ்நாட்டு ராஜ்யத்துக்கு அப்போது சென்னை என்றுதான் பெயர். மற்றவர்களுக்கு அது உத்தியோகக் கேள்வி. வள்ளிநாயகத்துக்கு மட்டும் படிப்புக் கேள்வி. கேரளம் என்றால் அதே கல்லூரி, அதே ஓலை. பட்டம் கைக்கு எட்டிவிடும். சென்னை என்றால் எங்காவது தூக்கிப் போடுவார்கள், எம்.ஏ.வோடு நிற்க வேண்டியதுதான்.

பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். "வள்ளிநாயகம், ரெண்டு வருஷம் இங்ஙன இரு. தீசிஸ் முடிஞ்சா பின்னே எங்க வேணும்னாலும் போய்க்கோ. உன்னைவிட்டா இந்த ஓலையை வாசிக்க ஆளில்லை."

உலகம்மையும் அதையேதான் சொன்னாள். "கேரளம்னு எழுதிக் குடுங்க. ஊர்ல உள்ளவ ரெண்டு நாளு பேசுவாவ, பெறகு அவவ சோலியப் பாக்கப் போயிருவாவ."

"கோஷம் போட்டுட்டு கேரளம்னு எப்படிட்டி எழுதச் சொல்லுத? நாளைக்கு நீலகண்டன் மூஞ்சில முழிக்க முடியுமா?"

"அவருக்கும் ஒங்களுக்கும் என்ன? படிக்கது நீங்கல்லா."

 அந்த மாதம் கொட்டாரத்தில் எவன் எதிர்ப்பட்டாலும் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை, "எங்க எழுதிக் குடுத்தே?" என்றுதான் கேட்டான். நீலகண்டனிடமும் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "இது என்னடே கேள்வி?" என்றான். அதற்கு மேல் அவனிடம் யார் கேட்பது? வள்ளிநாயகமும் கேட்கவில்லை. கேட்பதே அவமரியாதை என்று நினைத்தான். சென்னை என்று எழுதி நீட்டிவிட்டு வந்தான். பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னான்.

சொந்த ஜில்லாவில் போடுவார்கள் என்ற நம்பிக்கையிலும் மண் விழுந்தது. திருநெல்வேலி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் மாறி மாறிப் போக வேண்டிய ஒரு வடக்கத்தி ஊருக்கு உத்தரவு வந்தது.

நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் ஒன்றாம் தேதி கொட்டாரம் முழுக்கக் குருத்தோலைத் தோரணம். சாயங்காலம் கூட்டம். வள்ளிநாயகம் பேசுவதாக ஏற்பாடு. மேடைக்குப் பக்கத்தில் அவன் நிற்கும்போது, நீலகண்டன் வெள்ளைச் சட்டையும் வெற்றிலை வாயுமாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். நானும் உலகம்மையும் பக்கத்தில்தான் நின்றோம்.

"உனக்கு எங்க போட்டிருக்கான் மக்கா?" என்று வள்ளிநாயகம் கேட்டான்.

"எனக்கு அங்கதான். நான் கேரளம்லா எழுதிக் குடுத்தேன். அடுத்த வருசம் புரமோஷன் இருக்கு, அத விட முடியுமா?" ஒளிவு மறைவே இல்லாமல் சொன்னான்.

வள்ளிநாயகம் சொன்னான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலியே மக்கா." பிறகு, சிநேகிதன் மனசு நொந்துபோயிருக்கிறது என்று கண்டு, தோளில் கை போட்டான். நல்லவன்தான் அவன், அதில் சந்தேகமில்லை. "உனக்கு அந்த ஓலையில என்ன வேணும்னாலும் எனக்கு எழுது. நான் போய்ப் பாத்து எழுதி அனுப்புதேன்."

"உனக்கு வட்டெழுத்து வாசிக்கத் தெரியாதேடே" என்றான் வள்ளிநாயகம்.

அதற்குள் மேடையில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசினான். ராஜாவை எதிர்த்து நின்ற பாட்டன்மார்களைப் பற்றித்தான் பேசினான். அவனுக்குத் தெரிந்தது அதுதானே. பாதியில் குரல் உடைந்து நின்றுபோயிற்று. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஜனம் கை தட்டியது. முன்வரிசையில் நீலகண்டன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். அது எந்தக் கண்ணீர் என்று தெரிந்த உலகம்மை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.